எறிந்த தோளும் ஓய்வும்

திரியாயில் மாலைதோறும் பந்து வீசும் மாணவர் சிலர், மறுநாட் காலையிற் கரும்பலகையில் எழுதக் கையுயர்த்த இயலாது நிற்பதை யாம் கண்டுள்ளோம். போட்டி அண்மித்துவிட்டதென்று அவர்களை மீண்டும் வீச ஏவியவர்களுள் யாமும் ஒருவர். அதனை எண்ண இன்று நாணுகின்றோம்.

பந்து கையைவிட்டு அகன்ற பின்னரே தோளின் பின்புறத் தசைகளுக்குக் கடும் வேலை உண்டு. விரைந்து செல்லுங் கையை இழுத்து நிறுத்துவன அவையே. அப்பொழுது தசையிழைகளில் நுண்ணிய சிதைவுகள் நேர்கின்றன. நோவு ஓரிரு நாளில் உச்சமடைந்து பின் தணியும். பனிக்கட்டி நோவைக் குறைக்குமேயன்றிச் சிதைவை ஆற்றாது. ஆற்றுவன உறக்கமும் ஓய்வும், கையை மெல்ல அசைத்தலுமாம்.

பேஸ்போல் ஆடும் அமெரிக்கச் சிறுவருக்கென 2014இல் வகுக்கப்பட்ட நெறியின்படி, 15, 16 வயதினர் ஒரே நாளில் 75 எறிகளுக்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு கொள்ளவேண்டும். நம் மைதானத்தில் எண்ணுவார் யார்?

நம் நாட்டுத் துடுப்பாட்ட வீரர் முத்தையா முரளிதரன் 2004இல் தோளிற் சத்திரசிகிச்சை பெற்றுப் பல மாதம் ஆடாதிருந்தார். டெஸ்ற் ஆட்டங்களில் 500 விக்கெற்றுகளை அப்பொழுதே கடந்திருந்த அவர், மீண்டு வந்து 2010இல் 800ஐ எட்டினார்.

கை உயர மறுத்தாலோ, நோவு இரவில் உறங்கவிடாது வருத்தினாலோ, எண்ணெய் தேய்த்துக் காலங்கடத்தாது வைத்தியரை நாடுக.