மாசியில் பழவேற்காடு: பூநாரைக்குக் கொண்டாட்டம், மீனவருக்கு?

பழவேற்காட்டுக்கு எப்போ போனா பூநாரை பார்க்கலாம்? பிப்ரவரி கடைசி நல்ல நேரம். காரணம் ரொம்ப சிம்பிள்: ஏரியில் தண்ணீர் குறைந்திருக்கும்.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை நின்று ஓரிரு மாதத்தில் பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இருக்காது. பூநாரைக்கு அதுதான் வசதி. வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். பாசியும் பொடி இறால் போன்ற உயிரிகளும் அலகின் சல்லடையில் சிக்கிக்கொள்ளும். இறகின் இளஞ்சிவப்பு இந்தச் சாப்பாட்டில் இருந்து வருவதுதான். கூட்டத்தில் சாம்பலாகத் தெரிபவை வேறு இனம் இல்லை, இளம் பறவைகள்.

கரையில் நடக்கும்போது கண் கீழேயும் போகட்டும். மணல்மேட்டில் அடப்பங்கொடியின் ஊதாப் பூ காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் வாடிவிடும். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி. சங்கப் பாடல்களின் 'அடும்பு' இதுதான். பக்கத்திலேயே முள்ளுப் பந்தாய் ராவணன் மீசை. கடற்கரை மணலைப் பிடித்து வைப்பவை இவை, மிதிக்காமல் போகலாம். வடக்கே ஸ்ரீஹரிகோட்டா தீவில் ராக்கெட் தளம் இருப்பதால் ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு இன்னும் மிச்சமிருக்கிறது.

இதே வற்றல், குப்பங்களில் வேறு கதை. மழைக்கால வெள்ளம் முகத்துவாரத்து மணலைக் கடலுக்குத் தள்ளிவிடும். வெள்ளம் நின்றதும், கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் வாயை அடைக்கத் தொடங்கும். அடைத்தால் படகு கடலுக்குப் போகாது. கடலில் பிறந்து ஏரியில் வளர வரும் இறால் குஞ்சுகளும் உள்ளே வராது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்களிடம் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு உண்டு: யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். முறை நியாயமானதுதான். ஆனால் தண்ணீரே சுருங்கினால் எதைப் பிரிப்பது? முகத்துவாரம் நிரந்தரமாகத் திறந்திருக்க வேண்டும் என்பது அவர்களின் பல வருஷக் கோரிக்கை.

அப்படித் திறந்தால் பறவைக்குச் சிக்கலா? ஏரி முழுசாகக் காய்ந்தால்தான் சிக்கல். சேறு வெடித்தால் பூநாரையும் கிளம்பிவிடும்.

படகில் கிட்டப் போய் போட்டோ? வேண்டாம். 2011 டிசம்பர் 25-ல் இங்கே படகு கவிழ்ந்து 22 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள், அதன்பின் உல்லாசப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஒரு பைனாகுலர் போதும். விடிந்ததுமே கரையில் இருங்கள், அடப்பம்பூவையும் பார்த்துவிடலாம்.