மருந்து தேடும் ஒளி

எச்.ஐ.வி. வைரஸின் நீண்ட புரதங்களைப் புரோட்டியேஸ் என்னும் நொதி துண்டுகளாக வெட்டுகிறது. வெட்டு நிகழாவிடில் அவ்வைரஸ் பிற செல்களைத் தொற்றாது. எனவே, அந்நொதியை முடக்கும் பொருளை ஆய்வாளர்கள் தேடினர்; 1990ஆம் ஆண்டில் அதற்கொரு நுட்பம் வெளியாயிற்று. சிறு புரதத்துண்டின் ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறும், மறுமுனையில் அவ்வொளியை விழுங்கும் மூலக்கூறும் இணைக்கப்பட்டன. நொதி அத்துண்டை வெட்டினால் இரண்டும் பிரியும்; ஒளி தோன்றும். தடுப்பான் கலந்த குழியோ இருண்டே கிடக்கும். இருளே இங்கு நற்செய்தி! இத்தகைய சோதனைகளை 384 சிறு குழிகள் கொண்ட ஒரே தட்டில் செய்யலாம். ஆயினும், நிறமுள்ள பொருள் சில வேளை தானே ஒளியை விழுங்கி ஏமாற்றிவிடும். ஆதலால், இருண்ட குழியில் இருந்த பொருளை வேறொரு முறையிலும் சோதித்த பின்னரே தடுப்பான் என ஏற்பர்.