டோட்டடேட் ஸ்கேன் எதைக் காட்டுகிறது?

முகம் திடீர் திடீரென்று சிவந்து சூடாகும். வயிறு அடிக்கடி போகும். டென்ஷன், சாப்பாட்டுக் கோளாறு என்று சொல்லியே வருடங்கள் ஓடிவிடும். குடலிலும் கணையத்திலும் வரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி சிலரிடம் இப்படித்தான் ஒளிந்திருக்கிறது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் பிறக்கும் அரிய கட்டி இது. நடிகர் இர்ஃபான் கான் 2018-இல் தனக்கு வந்திருப்பதாக அறிவித்ததும் இந்த வகைதான்.

சிறுகுடலில் மிளகளவே இருக்கும் கட்டி, உருவத்தை மட்டும் பார்க்கும் சிடி ஸ்கேனில் எளிதில் தப்பிவிடும். ஆனால் இந்தக் கட்டிச் செல்களில் பெரும்பாலானவற்றின் மேல் சோமட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பிகள் நிறைய இருக்கும். அந்த ஹார்மோனைப் போலவே செய்த டோட்டடேட் என்ற பெப்டைடில் கேலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைக் கோத்து, கை நரம்பில் ஏற்றுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் அது கட்டியில் போய் ஒட்டிக்கொள்ள, கதிரியக்கத்தைப் படமெடுக்கும் பெட் கேமராவில் அந்த இடம் பளிச்சென்று தெரியும்.

கேலியம்-68 அறுபத்தெட்டே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அதனால் மருத்துவமனையிலேயே ஜெனரேட்டர் என்ற ஒரு கருவியிலிருந்து, மாட்டில் பால் கறப்பதுபோல, வேண்டும்போது எடுத்துக்கொள்வதுண்டு. சிட்னியின் கிளாரிட்டி நிறுவனம் வேறு வழியில் போனது: 12.7 மணி நேர அரை ஆயுள் கொண்ட தாமிரம்-64. மெல்பர்ன் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தில் ராட்னி ஹிக்ஸ் குழு அதைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டது. மறுநாள் எடுத்த படங்களில் கல்லீரலிலுள்ள கட்டிப் புள்ளிகள் இன்னும் துலக்கமாகத் தெரிந்தன.

அப்பா அம்மாவுக்கு ரிப்போர்ட்டைப் படித்துச் சொல்லும் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒளிர்வதெல்லாம் கட்டி இல்லை. மண்ணீரல், சிறுநீரகம், சிலருக்குக் கணையத்தின் தலைப்பகுதி ஆகியவை இயல்பாகவே ஒளிரும். ஒன்றும் ஒளிரவில்லை என்றால் உடனே நிம்மதி அடையவும் முடியாது. வேகமாக வளரும் கட்டிகள் ஏற்பிகளை இழந்திருக்கலாம். அவை சர்க்கரையை விழுங்குவதால், சர்க்கரை போன்ற பொருளை ஏற்றி எடுக்கும் எஃப்டிஜி பெட் ஸ்கேனில் அகப்படும். சிலருக்கு இரண்டு ஸ்கேனும் எழுதித் தருவது அதனால்தான்.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை தருவது அடுத்த கட்டம். ஸ்கேனில் கட்டி நன்றாக ஒளிர்ந்தால், அதே டோட்டடேட்டில் கேலியத்துக்குப் பதில் லூட்டீஷியம்-177 கோத்து, கதிர்வீச்சைக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கலாம். சிட்னி லூகாஸ் ஹைட்ஸ் அணு உலையில் இந்த லூட்டீஷியம் தயாராகிறது. இந்தச் சிகிச்சை சிறுகுடல் கட்டி முற்றுவதை நெடுநாள் தள்ளிப்போடுகிறது என்று 2017-இல் வெளியான நெட்டர்-1 ஆய்வு காட்டியது.

சோமட்டோஸ்டாட்டினைப் போலவே அதே ஏற்பிகளில் ஒட்டும் ஆக்ட்ரியோடைட் அல்லது லான்ரியோடைட் ஊசியை மாதாமாதம் போடுபவர்கள் ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் வரும்படிதான் பெரும்பாலும் நாள் கொடுப்பார்கள்.