மெஷின் சொல்லும் கொழுப்புக் கணக்கு எவ்வளவு சரி?



சம்பளம் போட்ட மறு கிழமை மேல் டிவிசனில் கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா என்னைத் தேடி ஆபிசுக்கு வந்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டு. டவுனில் ஒரு கடை வாசலில் வைத்திருந்த மெஷினில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றிருக்கிறார். அது அச்சடித்துக் கொடுத்த சீட்டுதான் அது. நிறை 54 கிலோ, உடல் கொழுப்பு 38 சதவீதம் என்று போட்டு, பக்கத்தில் சிவப்புக் கோடும் இழுத்திருந்தது.

“ஐயா, நூத்துக்கு முப்பத்தெட்டுன்னா ஒடம்புல பாதிக்குப் பாதி கொழுப்புங்களா? தெனமும் மலை ஏறி எறங்குறேன், எனக்கு எப்பிடிங்க?” என்று கேட்டார்.

சீட்டைப் பார்த்துப் பயந்துபோன அவரிடம் கடைக்காரர்கள் கொழுப்புக் கரைக்கும் பவுடர் டின் ஒன்றை விற்றிருக்கிறார்கள். அதன் விலை ஐந்தாறு நாள் பேருக்குச் சமம். ஒரு கிழமை கழித்து வேறொரு இடத்தில் இருந்த மெஷினில் ஏறியபோது 31 என்று காட்டியதாம். “பவுடர் வேலை செய்யுதுங்க ஐயா” என்று நம்பி, அடுத்த டின் வாங்க முற்பணம் கிடைக்குமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 54 கிலோவில் 38 சதவீதம் என்றால் இருபதரைக் கிலோ கொழுப்பு. 31 சதவீதம் என்றால் பதினாறே முக்கால் கிலோ. அப்படியானால் ஒரு கிழமையில் நாலு கிலோவுக்குக் கிட்டக் கொழுப்பு கரைந்திருக்க வேண்டும். ஏழு நாளும் ஒரு வாய் சாப்பிடாமல் கிடந்தாலும் அவ்வளவு கொழுப்பு கரையாது. அக்காவோ மூன்று வேளையும் ரொட்டியும் சோறும் சாப்பிட்டவர். அப்படியானால் மாறியது உடம்பு இல்லை, மெஷின் சொன்ன கணக்குத்தான்.

இந்த மெஷின்கள் இப்போது பாமசிகளிலும், கடைகளிலும், டவுனில் வேலை செய்யும் பிள்ளைகள் வாங்கிவரும் சாமான்களோடு சில லயங்களிலும் வந்துவிட்டன. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விபரமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கொழுப்பு என்றாலே கெட்டது என்று நினைக்கக் கூடாது. சூடு காப்பதற்கும், பசித்த நேரத்துக்குச் சேமிப்பாக இருப்பதற்கும் அது வேண்டும். பிள்ளை பெறும் உடம்பு என்பதால் பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். சுகமாக இருக்கும் ஒரு பெண்ணின் உடம்பில் நூற்றுக்கு 25, 30 இருப்பது சாதாரணம். புருசனுடைய சீட்டையும் பெண்சாதியுடைய சீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

இனி முக்கியமான விஷயம். உயிரோடு இருக்கும் மனிதனின் கொழுப்பைத் தனியாக நிறுத்துப் பார்க்கும் மெஷின் உலகத்தில் எங்கேயும் இல்லை. அப்படி நிறுப்பதென்றால் செத்த பிறகுதான் முடியும். பெல்ஜியம் நாட்டின் பிரசல்ஸ் நகரத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் அதையும் செய்திருக்கிறார்கள். 25 பிரேதங்களைத் தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று வேறு வேறாகப் பிரித்து நிறுத்து, 1984இல் அந்தக் கணக்கை வெளியிட்டார்கள். மற்ற எல்லா முறையிலும் வேறு ஏதோ ஒன்றை அளந்து, அதை வைத்துக் கொழுப்பு இவ்வளவு இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறார்கள்.

இது நமக்குப் புதிசு இல்லை. கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்களே, அந்தத் தண்ணியை யாராவது பிழிந்து எடுத்துத் தனியாக நிறுத்துப் பார்க்கிறார்களா? மழை நாளுக்கு ஒரு கழிவு, வெயில் நாளுக்கு ஒரு கழிவு என்று ஒரு உத்தேசம்தான். அந்த உத்தேசம் எத்தனை சண்டைக்குக் காரணம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொழுப்பு மெஷின் சொல்வதும் அந்த மாதிரி ஒரு கழிவுக் கணக்குத்தான்.

விஞ்ஞானிகள் நெடுங்காலம் நம்பிய முறை தண்ணிக்குள் நிறுப்பது. கறிச்சட்டியில் எண்ணெய் மேலே மிதக்கிறதல்லவா, அதுபோலக் கொழுப்பு தண்ணியைவிட லேசானது. ஒரு லீட்டர் கொழுப்பு ஏறக்குறைய 900 கிராம். தசை, எலும்பு எல்லாம் சேர்ந்த மற்றப் பகுதி லீட்டருக்கு 1100 கிராம். ஆளை ஒரு தொட்டியில் முழுவதும் அமிழ்த்தி, மூச்சை வெளியே விடச் சொல்லி நிறுத்தால், உடம்பு எவ்வளவு கனதியானது என்று தெரியும். அதிலிருந்து கொழுப்பைக் கணக்குப் பார்க்கலாம். அமெரிக்கக் கடற்படை வைத்தியர் பென்கே 1942இல் இந்த முறையில் 25 அமெரிக்கன் ஃபுட்போல் வீரர்களைச் சோதித்தார். நிறைப் பட்டியலைப் பார்த்தால் அவர்களில் பெரும்பாலானோர் அளவுக்கு மீறிய பருமன், படைக்கு லாயக்கில்லை என்றுதான் வரும். தண்ணியில் நிறுத்தபோது, அந்த நிறை கொழுப்பு இல்லை, தசை என்று தெரிந்தது. இந்த முறையும் முற்றாகச் சரி என்று சொல்ல முடியாது. எல்லாருடைய எலும்பும் ஒரே கனதி என்று எடுத்துக்கொண்டு போடும் கணக்கு இது. வயசானவர்களுக்கு எலும்பு தேய்ந்திருந்தால் கணக்குப் பிசகும்.

இன்று கூடுதலாக நம்பப்படுவது டெக்ஸா என்ற ஸ்கேன். எலும்புத் தேய்வு பார்ப்பதற்கு வைத்திருக்கும் மெஷின்தான் அது. மெல்லிய எக்ஸ்றே இரண்டை உடம்பு வழியாக அனுப்பி எலும்பு, கொழுப்பு, மற்றவை என்று பிரித்துக் காட்டும். அதிலும் ஒன்றிரண்டு சதவீதம் முன்பின்னாகும், ஒரு கம்பனி மெஷினுக்கும் இன்னொரு கம்பனி மெஷினுக்கும் வித்தியாசம் வரும். கொழுப்புப் பார்க்க மட்டும் அதற்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

கெலிப்பர் என்று ஒரு கவ்வியும் உண்டு. கையின் முன்புறம், பின்புறம், தோள்பட்டைக்குக் கீழே, இடுப்புக்கு மேலே என்று நாலு இடத்தில் தோலை இழுத்துப் பிடித்து மடிப்பின் தடிப்பை அளப்பார்கள். பழகின கையாக இருந்தால் மூன்று முதல் ஐந்து சதவீதத்துக்குள் பிசகும். பழகாத கை என்றால் அதற்கு மேலேயும் போகும். இந்த முறைக்குப் பெயர்பெற்ற கணக்கு 1974இல் வந்தது. டேர்னின், வோமர்ஸ்லி என்ற இருவர் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் 481 பேரை அளந்து போட்டது. வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட கணக்கு நமக்குப் பொருந்துமா? முழுவதும் பொருந்தாது. தெற்காசிய மக்களுக்கு அதே நிறையிலும் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது, அதுவும் வயிற்றுப் பக்கத்தில் கூடுதலாகச் சேருகிறது. தோலை இழுத்து அளக்கும் கவ்விக்குக் குடலைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பு தெரியாது.

இப்போது அக்கா ஏறிய மெஷினுக்கு வருவோம். அதன் மேல் தட்டில் இருக்கும் உலோகத் துண்டுகள் வழியாக, நமக்குத் தெரியாத அளவு மெல்லிய கரண்ட் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கும். கொழுப்பு இல்லாத பகுதியில் நூற்றுக்கு 73 அளவுக்குத் தண்ணி இருப்பதால் கரண்ட் அதில் லேசாகப் போகும். கொழுப்பில் அவ்வளவு லேசாகப் போகாது. கரண்டுக்கு எவ்வளவு தடை என்று பார்த்து, நீங்கள் கொடுத்த வயசு, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து மெஷின் ஒரு கணக்குப் போடும். அது உண்மையில் பார்ப்பது தண்ணியைத்தான். வேர்த்துக் களைத்து உடம்பில் தண்ணி குறைந்திருந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். வயிறு முட்டத் தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறினால் அந்த நிறையையும் கொழுப்புக் கணக்கில் சேர்த்துவிடும். குளிரில் கால் விறைத்திருந்தாலும், நம் பெண்களுக்கு இருப்பதுபோல உள்ளங்கால் காய்ச்சு வெடித்திருந்தாலும், தடை கூடி, கணக்கும் கூடும். கரண்ட் காலால் ஏறி மறு காலால் இறங்குவதால் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது அதற்குச் சரியாகத் தெரியாது.

நானும் சொந்தக்காரர் வீட்டு மெஷின் ஒன்றை இரவல் வாங்கிப் பரீட்சித்துப் பார்த்தேன். விடிய வெறும் வயிற்றில் 24. வெயிலில் மூன்று டிவிசனும் நடந்துவிட்டு வந்து ஏறினால் 26. பிறகு ஒரு வேடிக்கை செய்தேன். என் வயசு 47ஐ அழித்துவிட்டு 25 என்று அமத்தினேன். உடனே கொழுப்பு குறைந்துவிட்டது! பட்டனை அமத்தினால் கரைகிற கொழுப்புக்குப் பவுடர் எதற்கு?

அக்காவின் முதல் சீட்டை மறுபடி பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பஸ்ஸில் வந்து, வேர்த்துப்போய் ஏறியது. வயசு 52 என்று இருந்தது. அக்காவுக்கு 43தான்! இரண்டாவது மெஷின் வேறு கம்பனி, ஏறியது காலை நேரம். அந்த ஏழு சதவீதமும் எங்கே போனது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

இதனால் அந்த மெஷினைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரே மெஷினில், காலையில் சாப்பிடுவதற்கு முன், மாதத்துக்கு ஒரு முறை ஏறினால், கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கைப் பார்க்கலாம். ஒரு நாள் காட்டும் தொகையை மட்டும் நம்ப வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சிகளும், நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் இந்த மெஷினில் ஏறவே கூடாது.

கிளினிக்கில் பார்க்கும் பி.எம்.ஐ. கணக்கு வேறு. நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது அது. பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே 1832இல் சொன்னது. பிரிக்கும் கணக்கு என்பதால் தசையையும் கொழுப்பையும் அதற்கு அடையாளம் தெரியாது. ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டினாலே கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர்கள் 2004இல் சொன்னார்கள். அக்காவின் உயரம் 150 சென்றிமீற்றர், பி.எம்.ஐ. 24. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் சிவப்புக் கோடு போட்டுப் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை.

மெஷின் நம்மைப் பயமுறுத்துவது ஒரு பக்கம். நல்லாயிருக்கிறாய் என்று ஏமாற்றுவது அதைவிட மோசம். எங்கள் கங்காணி அண்ணன் ஒருவர் மெலிந்த ஆள், 58 கிலோ, உயரம் 165. பி.எம்.ஐ. 21 சொச்சம். அதே கடை மெஷினில் 18 சதவீதம் என்று பச்சைக் கோடு வந்ததாம். “நமக்கு ஒன்னும் இல்ல” என்று அந்தச் சீட்டைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தார். ஆனால் கை கால் குச்சி மாதிரி, வயிறு மட்டும் பானை. தையல் டேப்பால் வயிற்றைச் சுற்றி அளந்தேன், 94 சென்றிமீற்றர். நம் தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே எல்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளினிக்குக்கு அனுப்பினேன். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 148. 126க்கு மேல் வந்தாலே சீனி வருத்தம் என்று சந்தேகம். இன்னொரு நாள் எடுத்துப் பார்த்தும் அப்படித்தான் இருந்தது. ராத்திரியில் மூன்று தடவை எழும்பி வெளியே போவதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம், பாவம். இப்போது மருந்து குடிக்கிறார்.

டேப்பும் கொழுப்புச் சதவீதம் சொல்லாது. ஆனால் ஆபத்தான கொழுப்பு சேரும் இடத்தை அது நேராகப் பார்க்கிறது. அளக்கும் விதம் இதுதான். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், வெறும் தோலில், டேப்பை நேராகச் சுற்றிப் பிடியுங்கள். இறுக்க வேண்டாம், வயிற்றை எக்க வேண்டாம். மூச்சை வெளியே விட்டு முடிந்ததும் பாருங்கள். சேலைக்கு மேலே, கொழுந்துப் படங்குக்கு மேலே அளந்தால் அந்தக் கணக்கும் பொய்தான்.

அக்காவுக்கு 83 இருந்தது. சீனி பார்த்தோம், சரியாக இருந்தது. ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். முற்பணம் கேட்கவில்லை. டின்னில் மீதி இருந்ததைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர்கள் சம்மதிக்கவில்லையாம்.

35 வயசைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் நிறை, உயரம், பிரஷர், இரத்தச் சீனி எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். முதல் நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணி தவிர வேறொன்றும் எடுக்காமல் போக வேண்டும். டேப் ஒன்றைப் பிள்ளை மடுவத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். பெண்கள் கூச்சப்படாமல் அங்கே இருக்கும் மிஸ்ஸிடம் அளந்துகொள்ளலாம். ஆண்கள் சனிக்கிழமை வேலை முடிந்த பிறகு என்னிடம் வாருங்கள்.