எங்கே குடியிருப்பது?
யாழ்ப்பாணத்துக்கு மீள்வோர் கருதற்பாலன சில

கொழும்பிலே பல்லாண்டு உத்தியோகம் பார்த்து, இடமாற்றம் பெற்றோ இளைப்பாறியோ யாழ்ப்பாணத்துக்கு மீளும் பழைய மாணவர் பலர், தம் பிள்ளைகளின் அநுமதி பற்றி விசாரிக்கக் கல்லூரிக்கு வரும்போது, "வீட்டை எந்தப் பக்கம் எடுக்கலாம், ஐயா?" என்று ஒரு கேள்வியையும் உடன் கேட்டுவிடுவது வழக்கமாயிற்று. தமிழாசிரியரிடங் கேட்கத்தக்க கேள்வியன்று அஃதெனத் தள்ளிவிடலாம். ஆயினும், அக்கேள்விக்குப் பிழையான விடை கண்ட வீடுகளின் பிள்ளைகளே முதற் பாடவேளையில் எம் முன்னிலையிற் கண்ணயர்பவர். ஆதலின் அதனை ஆராய எமக்கும் ஓர் உரிமை உண்டெனக் கருதுகின்றோம்.

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் 8 கிலோமீற்றர் வழிக்கு ஒரு மணி நேரத்தை நாடோறுங் காலி வீதிக்கு இறுத்துப் பழகியவர், இங்கே அதே தூரத்தை மோட்டார்ச் சைக்கிளில் 20 நிமிடத்திற் கடந்ததும், "எல்லாம் பக்கத்திலேதான்" என்று முடிவு கட்டிவிடுகின்றார். அவர் வரைக்கும் அது மெய்யே. மோட்டார்ச் சைக்கிள் இல்லாதவர்க்கோ, பேருந்துக்குக் காத்து நிற்கும் நேரமும் தூரத்தோடு சேர்த்தெண்ணப்பட வேண்டியது. சிறு நகரத்திலே வழி குறைவு, காத்திருப்பு மிகுதி.

இதனை விளங்கக் குடாநாட்டு வீதிகளின் அமைப்பை நோக்குதல் வேண்டும். நகரத்து மத்திய பேருந்து நிலையத்தை உள்ளங்கையாகக் கொண்டால், அதினின்றும் ஐந்து விரல்கள்போல மானிப்பாய் வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, கண்டி வீதி என்பன விரிகின்றன. (பண்ணைத் தாம்போதி வழியே தீவகஞ் செல்லும் வீதியை இங்கு எடுத்துக்கொண்டிலம்.) பேருந்துகளும் பெரும்பாலும் இவ்விரல்களின் வழியே நகரத்துக்கு வந்து மீள்வன. ஒரு விரலிலிருந்து மற்றொரு விரலுக்குக் குறுக்கே செல்லும் வீதிகளும் உள. மானிப்பாயிலிருந்து மருதனார்மடம், உரும்பிராய், கோப்பாய் வழியாகக் கைதடிக்குச் செல்வது ஒன்று. புத்தூரிலிருந்து வண்ணாத்திப் பாலத்தைக் கடந்து மீசாலைக்குச் செல்வது மற்றொன்று. சொந்த வாகனமுடையார்க்கு இவை பேருதவி. ஆனால் பெருவீதிகளிற்போல இவற்றிற் பேருந்துகள் அடிக்கடி ஓடுவதில்லை.

இதனால் விளைவது யாது? கோப்பாயிலே கடமையாற்றும் ஆசிரியை ஒருவர் மானிப்பாயிற் குடியிருப்பாராயின், பேருந்தில் நகரத்துக்கு வந்து, இறங்கி, வேறொரு பேருந்தேறிக் கோப்பாய்க்குச் செல்ல நேரும். அவரே அச்சுவேலியிற் குடியிருப்பின் ஒரே பேருந்து போதும். வரைபடத்தில் இவ்விரு தூரங்களும் பெரிதும் வேறுபடா. ஆதலால் வீடு தேடுவோர் முதலிற் கேட்கவேண்டியது எத்தனை கிலோமீற்றர் என்பதை அன்று. எந்த வீதி, எத்தனை பேருந்து என்பதையே.

இனி, யாருடைய பயணத்தை வைத்து வீட்டைத் தெரிவது என்பதே தலையாய வினா. இங்கேதான் பெரும்பாலோர் இடறுகின்றனர். குடும்பத் தலைவர் தம் கந்தோரை வைத்துக் கணக்கிடுகின்றார். ஆனால் அவர் நாளொன்றுக்குப் போவது ஒரு முறை, வருவது ஒரு முறை. தமது வாகனத்தில், தாம் நினைத்த நேரத்தில். பிள்ளையின் நாளோ அத்தகையதன்று. காலை 7.30 மணிக்குப் பாடசாலை தொடங்குகின்றது. பிற்பகல் 1.30 மணிக்கு விட்டபின், துடுப்பாட்டப் பயிற்சியோ சாரணர் வகுப்போ இருக்கும். பின்னர்த் தனியார் கல்வி நிலையம். அது பெரும்பாலும் நகரத்திலோ திருநெல்வேலியிலோ இருப்பது. வகுப்பு முடியும்போது பொழுது சாய்ந்துவிடும். மாலை 7 மணிக்குப் பின்னர் உள்ளூர்ப் பேருந்துகள் அருகிவிடுவன என்பதைக் கொழும்பிலிருந்து வருவோர் அறியார். அங்கே இரவு பத்து மணிக்கும் பஸ் உண்டு. தனியார் வகுப்புகளை நாம் போற்றுகின்றோம் என்று எவரும் எண்ணற்க. அவை இருக்கின்றன, பிள்ளைகள் போகின்றனர், அவ்வளவே.

நாம் அறிந்த குடும்பம் ஒன்று, நகரத்திலிருந்து தொலைவில், பருத்தித்துறை வீதியினின்றும் உள்ளொதுங்கிய ஓரூரிலே, நாலு பரப்புக் காணியும் பெரிய கல்வீடும் நயமாய்க் கிடைத்தனவென்று வாங்கிற்று. தந்தையாருக்குக் கச்சேரியில் உத்தியோகம். அரை மணி நேரத்திற் போய்விடுவார். மூத்த மகனோ விடியற்காலை ஐந்து மணிக்கு முன் எழுந்து, ஒழுங்கை வழியே சைக்கிளில் வீதிக்கு வந்து, சைக்கிளை ஒரு கடையிலே விட்டு, பேருந்தேறி வருவான். இரவு எட்டு மணிக்கு வீடு சேர்வான். ஓராண்டு இவ்வாறு கழிந்தது. உயர்தர வகுப்புக்கு வந்ததும் அவனைக் கொக்குவிலிலுள்ள மாமியார் வீட்டிலே விட்டனர். இப்போது வீடு பெரிது. வீட்டிலே பிள்ளை இல்லை. குடும்பமாய் ஒன்றாக வாழ்வதற்கென்றே கொழும்பை விட்டு வந்தவர்கள் அவர்கள் என்பதையும் இங்குச் சொல்லுதல் தகும்.

எனவே, வீட்டிலே தாமாக வாகனம் ஓட்ட இயலாதவர் எவரோ, அவருடைய வழியை முதலில் வைத்து எண்ணுக. அவர் மாணவராயிருக்கலாம், முதியவராயுமிருக்கலாம். மாதந்தோறும் கிளினிக்குக்குச் செல்லவேண்டிய தாயாருக்குப் போதனா வைத்தியசாலைதான் வேண்டுமா, அன்றித் தெல்லிப்பழை, சாவகச்சேரி, மந்திகை ஆகிய இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளில் ஒன்று போதுமா என்பதை வைத்தியரிடமே கேட்டறிந்து கொண்டால், வீடு தேடும் எல்லை சில வேளைகளில் எளிதாய் விரிந்துவிடும். தந்தையார் கால் மணி நேரங் கூடுதலாய் ஓடுவதாற் குடும்பத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை.

புகையிரதத்தைப் பற்றியும் பலர் கேட்கின்றனர். 1902ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே வண்டி ஓடத் தொடங்கிற்று. 1905இலே கொழும்புடன் பாதை இணைந்தது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் முதலிய ஊர்களில் எம் பாட்டன்மார் புகையிரத நிலையத்தை அண்டி வீடு கட்டியது அக்காலத்துக்குப் பொருந்திய செயலே. 1990இலே நின்ற வண்டி, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும், 2015 சனவரியிற் காங்கேசன்துறைக்கும் மீண்டது. எனினும் நாளுக்குச் சில வண்டிகளே ஓடும் பாதையை நம்பிப் பாடசாலைப் பிள்ளைக்கு வீடு தெரிதல் ஆகாது. கொழும்புக்கு அடிக்கடி செல்வோர்க்கு நிலையத்தின் அண்மை நன்று.

கிளிநொச்சியிற் கடமையாற்றுவோர் நிலை வேறு. பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் அறிவியல் நகரிலே அமைந்தபின், யாழ்ப்பாணத்திலிருந்து நாடோறும் அங்குச் சென்று மீள்வோர் தொகை பெருகிற்று. நகரத்திலிருந்து கிளிநொச்சி ஏறக்குறைய 65 கிலோமீற்றர். இவர்கள் நல்லூரில் வீடு தேடுவதைக் காட்டிலுஞ் சாவகச்சேரி, கொடிகாமம் பக்கத்தைக் கருதுதல் நலம். போகும்போது பதினைந்து கிலோமீற்றருக்கு மேலும், வரும்போது அவ்வளவும் மிஞ்சும். தென்மராட்சியிலே நல்ல பாடசாலைகள் இல்லையென்று கூறுவோர் அப்பகுதியை அறியாதார்.

நிற்க. வழியைப் பார்த்தபின் பார்க்கவேண்டியது கிணறு. யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றுவது எதுவோ அது விரைவிற் கீழே சேரும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிலே தோட்டப் பசளையாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தையுள்ள வீட்டார் இதிற் கண்ணாயிருத்தல் வேண்டும். கடலோரப் பகுதிகளிலே உவர் ஏறும். சுன்னாகத்து மின்னுற்பத்தி நிலையத்தை அண்டிய கிணறுகளிலே எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம் 2019ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தமையும் பலருக்கு நினைவிருக்கும். தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இலே திறக்கப்பட்டது. ஆயினும் குழாய்நீர் தாம் பார்க்கும் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்பதை அவ்வொழுங்கையாரிடமே கேட்க. இரண்டு பரப்புத் துண்டுகளாய்ப் பிரித்து விற்கப்படுங் காணிகளில், அயல்வீட்டுக் குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு அண்மையென நோக்குவதும் மறக்கலாகாது.

வெளியூரிலிருந்து வருவோர் வீடு பார்ப்பது பெரும்பாலும் ஆவணி மாதத்திலே. நல்லூர்த் திருவிழாவும் விடுமுறையும் அவர்களை அழைத்து வருகின்றன. அம்மாதத்திற் கிணற்றைப் பார்த்தல் சரி.  ஒழுங்கையை அப்போது பார்த்தாற் பயனில்லை. கார்த்திகையிலே அது வாய்க்காலாய் ஓடலாம். 2008 நவம்பரில் நிஷாப் புயலின்போது குடாநாட்டின் பல பகுதிகள் வெள்ளத்துள் ஆழ்ந்ததைக் கண்டவர்களிடம், எந்த வீட்டிலே எந்தப் படி வரைக்கும் நீர் நின்றதென்று கேட்டாற் சொல்லுவர். விடுமுறைக் காலத்திலே வீதி நெரிசலும் உள்ளபடி தெரியாது. பாடசாலை நடைபெறும் ஒரு திங்கட்கிழமை காலை, பார்த்த வீட்டு வாயிலிலிருந்து பேருந்திலே ஒரு முறை சென்று பார்ப்பது, தரகர் பத்து நாள் சொல்வதிலும் மேல். இயலுமாயின் முதலாண்டு வாடகைக்கிருந்து, ஒரு மாரியையுங் கண்டபின் வாங்குக.

நல்லூர்க் கோயிற் சூழலில் வீடு பெறுவோர், 25 நாள் உற்சவத்திலே சுற்றுவீதிகள் வாகனங்களுக்கு மூடப்படுமென்பதை அறிந்திருத்தல் வேண்டும். அடியவர்க்கு அது இன்பமே; நோயாளியுள்ள வீட்டுக்கு முன்னேற்பாடு தேவை. திருநெல்வேலி, கொக்குவிற் பகுதிகளிலே பல்கலைக்கழக மாணவர் அறையெடுத்துத் தங்குவதால் வாடகை ஏறி நிற்கும்.

பிதிரார்ச்சிதக் காணியுள்ளவர் பலர் அங்கேயே போய்க் குடியேற விரும்புவர். அவ்விருப்பத்தைக் குறை கூறோம். வலிகாமம் வடக்கிலே 1990இல் இடம்பெயர்ந்தோர் காணிகளிற் பல பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டுள்ளன. ஆயின் அங்கே எல்லை காணவும், கிணறு இறைக்கவும், வீடு எழுப்பவுங் காலஞ் செல்லும். அதுவரை பிள்ளை படிக்குமிடத்தை அண்டி வாடகைக்கிருந்து, ஞாயிறுதோறும் போய் வேலை பார்ப்பவர்கள் இரண்டையும் இழவாது செய்கின்றனர்.

வாங்குவோர்க்கு இறுதியாகச் சில. இங்கே நிலம் பரப்பாலே பேசப்படும். ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். உறுதியிலே கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டுள்ளனவா என நொத்தாரிசைக்கொண்டு பார்க்க. ஒழுங்கையில் அம்புலன்ஸ் வண்டி நுழையுமா என்பதைத் தாமே அளந்து பார்க்க. தேசவழமைப்படி பங்காளருக்கு முன்வாங்கும் உரிமை உண்டாதலின், பங்குக் காணியாயின் அவர்களுக்கு அறிவித்தலின்றிக் கைக்காசு கொடுத்தலாகாது. முதலாந் தர அநுமதிக்கு அண்மைக் குடியிருப்பு ஒரு பிரிவாகும். முந்திய ஆண்டுகளின் வாக்காளர் இடாப்பும் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தமும் அங்கே சான்றாகக் கொள்ளப்படும். பழைய மாணவர் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு உண்டென்பதை நம்மவர்க்குச் சொல்லத் தேவையில்லை. அதனை மட்டும் நம்பி இருப்பவர் சிலரைக் கண்டிருக்கின்றோம். ஆதலின், வாடகை வீடாயினும் ஒப்பந்தத்தை எழுத்திலே முடித்து, வந்த ஆண்டிலேயே கிராம அலுவலரிடஞ் சென்று இடாப்பிற் பெயரைப் பதிவித்துக்கொள்க.