மீதியை உதறும் கணக்கு

உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு களத்தில் 100 படி நெல் குவிந்து கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மரக்காலுக்கு 8 படி. எத்தனை முறை அளக்க வேண்டும்? பன்னிரண்டு முறை அளந்தபின் 4 படி மிஞ்சும். அதற்காகப் பதின்மூன்றாம் முறையும் மரக்காலை எடுத்தாக வேண்டும். கணிப்பொறியோ முழு எண் முறையில் 100-ஐ 8-ஆல் வகுக்கச் சொன்னால் 12 என்று சொல்லி, மீதியை உதறிவிடும்.

கணிப்பொறியோடு இணைந்த கருவிகளை வேலை வாங்கும் நிரலை 'டிரைவர்' என்பார்கள். இந்த நிரல்களில் பெரும்பாலும் முழு எண் கணக்குதான். சிறிய சில்லுகள் பலவற்றில் தசமக் கணக்குக்கென்று தனி உறுப்பே கிடையாது. மோட்டார் வாகனத்தின் உறுப்புகளை இணைக்கும் பழைய 'கேன்' முறையை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு மடலில் 8 பைட்டுக்கு மேல் செல்லாது. 100 பைட் செய்திக்கு 12 மடல் என்று டிரைவர் கணக்கிட்டால், கடைசி 4 பைட் போய்ச் சேராது.

இதற்கு நிரலர்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். முதலில் 7-ஐக் கூட்டி, பிறகு 8-ஆல் வகுப்பார்கள். 107-ஐ வகுத்தால் 13. மீதியின்றி வகுபடும் 96-க்கு, 103-ஐ வகுத்து 12. இரண்டும் சரி.

"இது ஏன் சுற்றுவழி? வகுத்துவிட்டு 1 கூட்டினால் போதாதா?" என்று ஒருவர் அந்த வரியைச் சுருக்குகிறார். 100-க்கு 13 சரியாகவே வரும். 96-க்கும் 13 வந்துவிடும்! திருத்தம் ஒரே வரி. பார்க்க அழகாகவும் இருக்கும். சரிபார்ப்பவர் ஏமாறுவது இங்கேதான். அவர் 100 போன்ற நடு எண்களை விட்டு, ஓரத்து எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும்: 0, 7, 8, 9, கடைசியாக மிகப் பெரிய எண்.

ஓரத்துச் சங்கடம் உத்திரமேரூருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இல் கல்லில் வெட்டிய குடவோலை விதிகளை 921-இல் திருத்தினார்கள். 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்த வயது, 35-க்கு மேல் 70-க்குள் என்றாயிற்று. சரியாக 35 வயதானவர் உள்ளேயா, வெளியேயா? நிரலைச் சரிபார்ப்பவர் கேட்கும் கேள்வியும் இதே வகைதான்.

பெரிய எண்ணில், பழைய உபாயத்துக்கே ஆபத்து உண்டு. 16 பிட் இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. அதே இடத்துக்குள் 7-ஐக் கூட்டினால் வர வேண்டியது 65,542. இடம் போதாமல், வண்டியின் மீட்டர் சுற்றி முடித்து மீண்டும் பூஜ்யத்தில் தொடங்குவது போல, 6 மட்டுமே நிற்கும். 6-ஐ 8-ஆல் வகுத்தால் 0. ஒரு மடலும் போகாது! முதலில் வகுத்து, மீதி இருந்தால் மட்டும் 1 கூட்டினால் 8,192 என்ற சரியான விடை கிடைக்கும்.

1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட், புறப்பட்டு ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் திணிக்க முயன்றபோது அது அடங்கவில்லை. திசையறியும் கணிப்பொறிகள் நின்றுபோயின. அந்த நிரற்பகுதி ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. அதில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர்ந்ததே இல்லை.