‘கிரெடிட்’ என்றால் வரவா, கடனா?



நம் கடைகளில் தினமும் அடிபடும் ஆங்கிலச் சொல் ‘கிரெடிட்’. வாடிக்கையாளர் கேட்டால் அது கடன். வங்கிச் செய்தியில் வந்தால் வரவு. ஆடிட்டர் வாயில் வந்தால் வரிக் கழிவு. இது எந்த கிரெடிட் என்று நின்று கேட்காததால் கைப்பணத்தை விட்டவர்கள் நம் தர்மபுரி, அரூர், பென்னாகரம் பக்கமே உண்டு.

லத்தீன் மொழியில் இதன் வேர்ச்சொல்லுக்கு நம்புதல் என்று பொருள். நம் தமிழிலும் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே சொல்தானே! பிலிப்பைன்ஸ் நாட்டில் ‘சாரி-சாரி’ எனப்படும் தெருமுனை மளிகைக் கடைகளில் தரும் கடனுக்கு டகாலோக் மொழியில் ‘உதாங்’ என்று பெயர். நன்றிக்கடனைக் குறிக்கவும் அவர்கள் அதே சொல்லைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள். கடன் நோட்டு எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலும்.

கணக்கில்தான் பலரும் குழம்புகிறார்கள். பாஸ்புக்கில் கிரெடிட் என்றால் நமக்குப் பணம் வந்தது. நம் பேரேட்டில் மொத்த வியாபாரி பேரில் கிரெடிட் என்றால் நாம் தரவேண்டியது. முரண்பாடு ஒன்றுமில்லை. பாஸ்புக் வங்கியின் கணக்கு. பேரேடு நம் கணக்கு. யார் பேரில் வரவு நிற்கிறதோ அவருக்கு, கணக்கு எழுதியவர் தரவேண்டும். பழைய பற்று வரவு முறையும் இதுவே.

அடுத்தது 2017 ஜூலை 1 முதல் வந்த ஜிஎஸ்டியில் ‘இன்புட் டாக்ஸ் கிரெடிட்’. 5 சதவீத வரியுள்ள சரக்கை ரூ.10,000க்கு வாங்கினால் வரி ரூ.500. அதையே ரூ.11,000க்கு விற்றால் வரி ரூ.550. முன்பு கொடுத்த 500ஐக் கழித்து 50 கட்டினால் போதும். ஆனால் விற்றவர் தம் ரிட்டர்னில் காட்டி, அது நம்முடைய ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்திருக்க வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் உள்ள கடைக்காரருக்கு இந்தக் கழிவு கிடையாது.

இங்கேதான் ஒரு கிரெடிட் இன்னொரு கிரெடிட்டைத் தின்கிறது. கடனுக்கு வாங்கிய சரக்கின் விலையையும் வரியையும் பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் கொடுக்காவிட்டால், எடுத்த வரிக் கழிவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். பிறகு பணம் கொடுத்ததும் கழிவை மீண்டும் எடுக்கலாம். வட்டி போனது போனதுதான். மொத்த வியாபாரி தன் வசூலுக்காகச் சொல்கிறான் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் அதுவும் உண்டு. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

செல்போன் விஷயம் சுருக்கமாக: ‘கிரெடிட் ஆகிவிட்டது’ என்று வாங்குபவர் தம் போனைக் காட்டினால் அது நமக்கு வரவாகாது. நம் கணக்கில் ஏறியதை நம் போனில் பார்த்தபின் மூட்டையை வண்டியில் ஏற்றுங்கள்.

‘கிரெடிட் நோட்’ என்பது கடன் சீட்டு அல்ல. திருப்பி அனுப்பிய சரக்குக்கோ, குறைத்த விலைக்கோ, விற்றவர் நம் பேரில் வரவு வைத்துத் தரும் தாள் அது. வாங்கியவுடன் அதில் ஜிஎஸ்டி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் அந்த அளவுக்கு நம் வரிக் கழிவைக் குறைக்க வேண்டும். வரி இல்லாமல் தொகை மட்டும் குறைத்திருந்தால் குறைக்க வேண்டியதில்லை. பலர் இதைக் கல்லாவில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். வரியோடு கூடிய நோட்டுக்குக் கெடு உண்டு. சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது விற்றவர் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியோ அதற்குள் அவர் காட்டியாக வேண்டும். தீபாவளி நெருக்கடி தொடங்குமுன் கம்பெனி ஆட்களிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.